லண்டனில் வீடு வாடகைக்கு விடுகிறீர்களா? இ.பி.சி. விஷயத்தில் உஷார்!

ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க், இல்ஃபோர்ட் பக்கம் பத்து வருஷத்துக்கு முன்னால் வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்கள், இன்றைக்குத் தூங்கப் போவதற்குள் ஒரு காரியம் செய்துவிடுங்கள். அரசாங்கத்தின் இ.பி.சி. (எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் சர்டிஃபிகேட், அதாவது வீட்டின் ஆற்றல் திறன் சான்று) பதிவேட்டை போனில் திறந்து உங்கள் வீட்டு போஸ்ட்கோடைப் போடுங்கள். காசு கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது. உங்கள் தெருவின் வீடுகள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் பக்கத்தில் ஏ முதல் ஜி வரை ஏதோ ஓர் எழுத்து, அதற்குப் பக்கத்தில் சர்டிஃபிகேட் செல்லுபடி முடிகிற தேதி. அந்தத் தேதியைத்தான் பார்க்கச் சொல்கிறேன். 2015, 2016-ல் எடுத்த சர்டிஃபிகேட்டுகளுக்குப் பத்து வருஷ ஆயுள் முடிந்துவிட்டது, அல்லது முடியப்போகிறது.

நீங்கள் பார்க்கிற அதே பக்கத்தை உங்கள் டெனன்டும் பார்க்கலாம். கவுன்சில் அதிகாரி பார்க்கலாம். "கவர்ன்மென்ட் ஸ்கீம், ஃப்ரீயா செய்து தர்றோம்" என்று போன் போடுகிற ஆளும் பார்க்கலாம். உங்கள் வீட்டின் பலவீனம் ஊருக்கே திறந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் மட்டும்தான் அதைப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் 2007-ல் வீடு விற்பவர்களுக்கென்று வந்த ஏற்பாடு இந்த இ.பி.சி. 2008 அக்டோபரிலிருந்து வாடகை வீடுகளுக்கும் கட்டாயமானது. அப்போதெல்லாம் ஏஜென்ட் கேட்கிற காகிதங்களில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான். எந்த எழுத்து வந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. நம்மவர்களில் பலருடைய மனசு இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது. ஆனால் 2018 ஏப்ரலில் புது வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து, குறைந்தபட்சம் 'இ' தரம் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எஃப் அல்லது ஜி தரத்தில் இருக்கிற வீட்டை, முறையாகப் பதிவு செய்த விலக்கு இல்லாமல் வாடகைக்கு விடுவது சட்டமீறல்.

எழுத்துக்குப் பின்னால் ஒரு மதிப்பெண் இருக்கிறது. 39 முதல் 54 வரை 'இ'. 21 முதல் 38 வரை எஃப். 39 வாங்கிய வீட்டை வாடகைக்கு விடலாம், 38 வாங்கிய வீட்டை விடக் கூடாது. நடுவில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி எப்படிப் போகிறது தெரியுமா? பல சமயம் வீட்டின் குறையால் அல்ல, இ.பி.சி.-க்காக வீட்டை ஆய்வு செய்ய அசஸர் வருகிற நாளில் நாம் காட்டும் அலட்சியத்தால்.

அந்த நாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஈஸ்ட்ஹாமின் டெரஸ் வீடுகளில் பெரும்பகுதி நூறு வருஷத்துக்கு மேல் பழையவை. அசஸர் வந்ததும் வாசலில் நின்று சுவரைத்தான் முதலில் பார்ப்பார். செங்கல் ஒன்று நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில் என்று மாறி மாறித் தெரிந்தால் அது ஒன்பது அங்குல திடச் சுவர், நடுவில் இடைவெளி இல்லை. எல்லாச் செங்கலும் நீளவாட்டிலேயே இருந்தால் உள்ளே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். கதவு நிலைப்படியில் டேப்பை வைத்துச் சுவரின் கனத்தையும் அளப்பார். திடச் சுவர் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், மதிப்பெண்ணில் அங்கேயே ஒரு பெரிய பங்கு போய்விடும். அதை அன்றைக்கு யாராலும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது மேலே, லாஃப்டில் இருக்கிறது.

"அங்கிள், லாஃப்ட்ல இன்சுலேஷன் போட்டிருக்கீங்களா?"

"போட்டாச்சு தம்பி. முன்னாடியே போட்டாச்சு."

"பில் இருக்குதா?"

"அது எங்க கிடக்குதோ..."

"அப்போ ஏணி போட்டு ஒரு எட்டு பாத்துடலாமா?"

"ஹேட்ச்சைத் திறக்க முடியாது தம்பி, மேல பூரா சாமான். அதான் நான் சொல்றேன்ல, போட்டிருக்குன்னு."

'நான் சொல்றேன்ல' என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அசஸர் கண்ணால் பார்க்க வேண்டும், ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டு முகவரி போட்ட பில்லோ, கேரண்டி சர்டிஃபிகேட்டோ, கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் தந்த நிறைவுச் சான்றோ கையில் கிடைக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால், வீடு கட்டிய காலத்தில் அந்த மாதிரி வீடுகள் எப்படி இருந்தனவோ அப்படியே இதுவும் இருக்கிறது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 1905-ல் கட்டிய வீட்டுக்கு அதன் அர்த்தம், லாஃப்டில் ஒன்றுமே இல்லை என்பதுதான். சர்டிஃபிகேட்டில் 'இன்சுலேஷன் இல்லை, அனுமானம்' என்று அச்சாகிவிடும். மேலே 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கம்பளி மாதிரி விரித்து வைத்திருந்தாலும் சரி, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் பத்து வருஷத்துக்கு அந்தக் காகிதம் சொல்லும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளும் கொலு பொம்மை அட்டைகளும் பெரிய அண்டாவும் ஹேட்ச்சை அடைத்துக்கொண்டிருக்கிற வீடுகள் நம்மிடையே எத்தனை! அசஸர் வருவதற்கு முதல் நாளே அவற்றை ஒதுக்கி, அவர் தலையும் தோளும் மேலே நுழைகிற அளவுக்கு வழி செய்யுங்கள். லாஃப்டில் முழுக்கப் பலகை அடித்திருந்தால் ஒரு பலகையையாவது கழற்றி வையுங்கள். அசஸர் எதையும் பெயர்த்துப் பார்க்க மாட்டார், அது அவர் வேலை இல்லை.

பாய்லருக்கும் இதே கதைதான். அதன் மேக், மாடல் தெரிந்தால் அதற்கென்று பதிவான திறனைக் கணக்கில் எடுப்பார்கள். ஸ்டிக்கர் கிழிந்து, மேனுவலும் தொலைந்துபோயிருந்தால் ஒரு பொதுவான எண்ணைப் போடுவார்கள், நல்ல பாய்லர் வைத்திருப்பவருக்கு அதில் நஷ்டம். சில வீடுகளில் பாய்லர் கப்போர்டுக்குள் பூட்டிக் கிடக்கும், சாவி டெனன்டின் பையில் அவரோடு வேலைக்குப் போயிருக்கும். டபுள் கிளேஸிங் 2002-க்கு முன்னால் போட்டதா, பின்னால் போட்டதா என்பதும் கணக்கை மாற்றும். வெந்நீர் சிலிண்டர் இருந்தால் அதைச் சுற்றிய உறையின் கனம், ரேடியேட்டர் ஒவ்வொன்றிலும் திருகுகிற தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா, பல்புகளில் எத்தனை எல்.இ.டி., மூடாமல் திறந்தே கிடக்கிற பழைய கணப்பு எத்தனை, எல்லாமே எண்ணிக்கைக்கு வரும். பின்பக்கம் கிச்சனை நீட்டிக் கட்டியிருப்போம், லாஃப்டை ரூமாக்கியிருப்போம். எப்போது கட்டியது என்பதற்கான சான்று இருந்தால் அந்தக் காலத்துக் கட்டட விதிப்படி நல்ல மதிப்பு கிடைக்கும். பில்டர் ரொக்கம் வாங்கிக்கொண்டு, காகிதம் ஒன்றும் தராமல் போயிருந்தால் அங்கேயும் அடிவாங்குவோம்.

ஹை ஸ்ட்ரீட் நார்த் மாதிரி கடைத்தெருவில் கடைக்கு மேலே ஃபிளாட் வைத்திருப்பவர்கள் இரட்டிப்பு கவனமாக இருங்கள். இந்த மதிப்பெண் எரிபொருள் செலவை வைத்துப் போடப்படுவது. மின்சாரம் ஒரு யூனிட் காஸைவிடப் பல மடங்கு விலை. காஸ் இணைப்பு இல்லாமல் சுவரில் பேனல் ஹீட்டர் மாட்டி ஓட்டுகிற ஃபிளாட்டுகள் எஃப், ஜி-க்குச் சரிகிற ஆபத்து மிக அதிகம்.

"போன தடவை டி வந்தது, இந்தத் தடவையும் அதேதானே வரும்" என்று நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 2025 ஜூன் மாதத்திலிருந்து கணக்கிடும் முறையே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஜன்னல்களைப் பொதுவாக ஒரு கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இப்போது ஒவ்வொரு ஜன்னலாக அளக்க வேண்டும். ஆதாரம் கேட்பதும் இறுகியிருக்கிறது. மதிப்பெண் கூடலாம், குறையவும் குறையலாம். 2016-ல் 55 எடுத்து டி-யின் விளிம்பில் நின்ற வீடு அதே இடத்தில் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே பழைய டெனன்ட் காலி செய்து, புது ஆள் வரப்போகிற வாரத்தில் அவசரம் அவசரமாக இதை எடுக்காதீர்கள். விளம்பரம் போடுவதற்கு முன்பே இ.பி.சி.-க்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும், விளம்பரத்தில் அந்த எழுத்தையும் போட வேண்டும். எதிர்பாராமல் எஃப் வந்துவிட்டால் சரி செய்ய உங்களுக்கு அவகாசம் வேண்டும். அவகாசம் இல்லாதவர்தான் அடுத்து நான் சொல்லப்போகிற ஆட்களிடம் போய் மாட்டுகிறார்.

"வரவே வேண்டாம் அண்ணே, நாலு போட்டோ அனுப்புங்க, சாயங்காலம் சர்டிஃபிகேட் வந்துடும். முப்பது பவுண்டு குடுங்க போதும்." வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற இந்த மாதிரி சேவையைத் தொடவே தொடாதீர்கள். வீட்டுக்குள் நேரில் வந்து பார்க்காமல் இ.பி.சி. கொடுக்க எந்த அசஸருக்கும் அனுமதி இல்லை. ஒவ்வொரு அசஸரும் ஏதாவது ஓர் அங்கீகார அமைப்பில் உறுப்பினராக இருந்தாக வேண்டும், அந்த அமைப்புகள் அவர்கள் கோப்புகளைத் திடீரென்று எடுத்து ஆய்வு செய்யும். வீட்டுக்குள் எடுத்த ஆதாரப் போட்டோ இல்லை என்று தெரிந்தால் சர்டிஃபிகேட் ரத்தாகலாம். அவர் பிழைத்துக்கொள்வார். செல்லாத சர்டிஃபிகேட்டை வைத்து வாடகைக்கு விட்டவர் என்று நிற்பது நீங்கள். அரசு இதற்கு விலை நிர்ணயிக்கவில்லை என்பதால் இரண்டு மூன்று பேரிடம் விசாரிப்பது நல்லதுதான், ஆனால் அரசுப் பதிவேட்டிலேயே அசஸரைத் தேடுகிற வசதி இருக்கிறது, அங்கே பெயர் இல்லாதவரைக் கூப்பிடவே கூடாது. சர்டிஃபிகேட் வந்ததும் கடைசிப் பகுதிக்குப் போய் 'ஆய்வு செய்த தேதி'யைப் பாருங்கள். அந்தத் தேதியில் உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தார்களா? அசஸருக்கும் வீட்டுக்கும், அல்லது அந்த வீட்டின் விற்பனையையோ வாடகையையோ கையாளும் கம்பெனிக்கும் தொடர்பு இருந்தால் அதையும் அங்கே அறிவித்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, சர்டிஃபிகேட் வந்த பிறகு வரும் போன். "உங்க வீடு இ ரேட்டிங்ல இருக்கு மேடம், நீங்க எலிஜிபிள், சுவருக்கு இன்சுலேஷன் முழுக்க இலவசம்." எழுத்தைச் சரியாகச் சொல்கிறாரே, அரசாங்க ஆளாகத்தான் இருக்கும் என்று நம் அம்மாக்களும் பெரியம்மாக்களும் நம்பிவிடுகிறார்கள். அந்த எழுத்து யார் வேண்டுமானாலும் பார்க்கிற பதிவேட்டில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தயவு செய்து வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

இலவசம்தானே, போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும் என்று விடுவதற்கு இது சாதாரண விஷயம் இல்லை. 2025 ஜனவரியில், திடச் சுவர்களுக்கு இன்சுலேஷன் போட்ட வேலை மோசமாக இருந்ததற்காக 39 நிறுவனங்கள் இடைநிறுத்தப்பட்டன. அதே வருஷம் அக்டோபரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை இன்னும் பயங்கரம். அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவரில் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்தியே ஆகவேண்டிய பெரிய குறைகள் இருந்தன. உள்சுவரில் போட்டவற்றில் 29 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்றால் தப்பித்த வீடு எங்கே இருக்கிறது? மழைநீர் உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்றால் சுவர் ஊறும். பீரோவை நகர்த்திப் பார்க்கும்போது பின்னால் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருக்கும், அதே அறையில் குழந்தை இருமிக்கொண்டு படுத்திருக்கும். வேலையே தப்பு என்று நான் சொல்லவில்லை, திடச் சுவருக்கு இன்சுலேஷன் உண்மையிலேயே உதவும். நாமாகத் தேடிப்போய், கவுன்சில் வழியாகவோ தீர விசாரித்தோ செய்ய வேண்டிய வேலை அது. கதவைத் தட்டி வந்தவனிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வேலை அல்ல.

லாஃப்டின் ஓட்டுக்கு அடியில் நுரையைப் பீய்ச்சி அடித்து ஒட்ட வைக்கிற ஸ்பிரே ஃபோம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை அடித்த பிறகு கூரை மரம் நுரைக்குள் மறைந்துவிடும், இற்றுப்போகிறதா என்று சர்வேயரால் பார்க்க முடியாது. அந்தக் காரணத்துக்காகப் பல கடன் நிறுவனங்கள் அந்த வீட்டின் மேல் மார்ட்கேஜ் தர மறுக்கின்றன. ஆயிரக்கணக்கில் கொடுத்து அடித்து, அதைச் சுரண்டி எடுக்க மறுபடியும் ஆயிரக்கணக்கில் கொடுத்த குடும்பங்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. விற்கிறவர் இ.பி.சி. மதிப்பெண் ஏறும் என்பதை மட்டும் சொல்வார். வீட்டை விற்கவே முடியாமல் போகலாம் என்பதைச் சொல்ல மாட்டார்.

உண்மையில் எஃப் வந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. என்னென்ன செய்தால் மதிப்பெண் எவ்வளவு ஏறும், உத்தேசமாக என்ன செலவாகும் என்று அதே சர்டிஃபிகேட்டில் வரிசையாக இருக்கும். லாஃப்ட், சிலிண்டர் உறை, ஹீட்டிங் கன்ட்ரோல் என்று மலிவானதிலிருந்து தொடங்குங்கள். முடித்துவிட்டு, பில்களோடு புது இ.பி.சி. எடுங்கள். பத்து வருஷம் முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் புதிது எடுக்கலாம். 'இ' தரத்துக்காக உங்கள் கைக்காசில் செய்ய வேண்டிய செலவுக்கு இப்போது 3,500 பவுண்டு என்று உச்சவரம்பு இருக்கிறது, வாட் வரியும் அதில் அடக்கம். அவ்வளவு செய்தும் எட்டவில்லை என்றால் விலக்கு கேட்கலாம். ஆனால் விலக்கு தானாக வராது. அதற்கென்று உள்ள பதிவேட்டில், ஆதாரங்களோடு நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான விலக்குகள் ஐந்து வருஷம்தான் செல்லும். "எங்க ஏரியா கன்சர்வேஷன் ஏரியா, நமக்கு இதெல்லாம் கிடையாது" என்று டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

அபராதம்? சட்டத்தை மீறி வாடகைக்கு விட்டது மூன்று மாதத்துக்குள் என்றால் 2,000 பவுண்டு வரை, அதற்கு மேல் போனால் 4,000 வரை. விலக்குப் பதிவேட்டில் பொய்த் தகவல் தந்தால் தனியாக 1,000. ஒரு வீட்டுக்கு மொத்தம் 5,000 வரை. போதாததற்கு உங்கள் மீறல் விவரத்தை அதே பதிவேட்டில் ஊர் பார்க்கப் போடவும் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. ஈஸ்ட்ஹாமும் மேனர் பார்க்கும் அடங்கிய நியூஹாம் கவுன்சில் 2013-லேயே கிட்டத்தட்ட எல்லாத் தனியார் வாடகை வீடுகளுக்கும் லைசென்ஸ் கட்டாயமாக்கியது, இங்கிலாந்தில் பரோ முழுவதற்கும் அப்படிச் செய்த முதல் கவுன்சில் அதுதான். எந்த வீடு வாடகைக்குப் போகிறது என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கிறது, எந்த வீடு என்ன எழுத்து என்பது பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரும் உங்கள் வாசலுக்கு வரவே வேண்டாம்.

இதோடு முடியவும் இல்லை. 2025-ல் அரசு நடத்திய கலந்தாய்வில் 2030-க்குள் வாடகை வீடுகள் எல்லாம் 'சி'க்கு நிகரான தரத்துக்கு வர வேண்டும் என்பதுதான் யோசனையாக இருந்தது. அபராதத்தை 30,000 பவுண்டு வரை உயர்த்துவதும் அதில் இருந்தது. 'சி' என்றால் 69 மதிப்பெண். இன்றைக்கு 40, 45-ல் நிற்கிற திடச் சுவர் வீட்டுக்கு அது பெரிய ஏற்றம். பை டு லெட் மார்ட்கேஜைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு புரோக்கரிடம் பேசுங்கள்.

சர்டிஃபிகேட்டில் தப்பு இருப்பதாகத் தெரிந்தால் சும்மா விடாதீர்கள். முதலில் அசஸரிடமே எழுத்தில் கேளுங்கள். சரிப்படாவிட்டால் அவருடைய அங்கீகார அமைப்பின் பெயரும் தொடர்பு விவரமும் சர்டிஃபிகேட்டிலேயே இருக்கும், அங்கே புகார் கொடுங்கள்.

வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். குளிர்காலத்தில் ஹீட்டிங் போட்டும் வீடு சூடாகாமல், பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிற கொடுமையை அனுபவிப்பது நீங்கள்தான். இ.பி.சி.-யை வீட்டுக்காரர் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே போஸ்ட்கோடைப் போட்டுப் பாருங்கள். எஃப், ஜி என்று வந்தால் விலக்குப் பதிவு செய்திருக்கிறார்களா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள், அந்தப் பதிவேடும் பொதுவானதுதான். பதில் வராவிட்டால் கவுன்சிலின் வாடகை வீட்டுப் பிரிவுக்கு முகவரியோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.